மாற்றுத்திறனாளி உதவித்தொகை: டெல்டாவில் இருப்பவர்கள் எங்கே, எப்படி விண்ணப்பிப்பது? முழுமையான வழிகாட்டி

எங்கள் சித்தப்பா கூலிக்குத் தேங்காய் பறிக்கப் போகிறவர். கஜா புயல் சாய்த்தது போக மிச்சம் நின்ற மரங்களில் ஒன்றிலிருந்து விழுந்தார். உயிர் பிழைத்தார். இடுப்புக்குக் கீழே பழையபடி வரவில்லை. அவருக்கு மாதாமாதம் உதவித்தொகை வாங்கிக் கொடுக்க நான் அலைந்தது ஒரு வருடத்துக்கும் மேலே. அந்த அலைச்சலில் பாதி, எனக்கு விவரம் தெரியாமல் போனதால் வந்தது. அதற்குப் பிறகு ஊரில் யாருக்காவது இந்தப் பேச்சு வந்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள். எல்லாரிடமும் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று. தொகை கிடைப்பதும் கிடைக்காததும் தாலுகா ஆபீஸில் முடிவாவதாகப் பலர் நினைக்கிறார்கள். கையில் இருக்கும் மருத்துவச் சான்றில் இரண்டு இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலேயே முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. ஒன்று சதவீதம். இன்னொன்று நோயின் பெயர். சதவீதத்தை எல்லாரும் பார்க்கிறார்கள், பெயரை யாரும் பார்ப்பதில்லை. நாங்களும் பார்க்கவில்லை.

இரண்டு கதவு

"ஊனத்துக்குப் பணம் தர்றாங்களாமே, எங்க எழுதிப் போடணும்?" என்று கேட்பவர்களுக்கு, தமிழ்நாட்டில் அதற்கு இரண்டு தனித்தனித் துறைகள் இருப்பது தெரிவதில்லை.

ஒன்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. இங்கே கிடைப்பதன் பெயர் 'பராமரிப்பு உதவித்தொகை', மாதம் 2000 ரூபாய். இது எல்லா மாற்றுத்திறனாளிக்கும் கிடையாது, சில பிரிவினருக்கு மட்டும். கை கால் முதலிய குறைபாட்டால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் என்றால் 75 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு (சான்றுகளில் 'மனவளர்ச்சி குன்றியோர்' என்றே இன்னும் இருக்கும்), தசைச்சிதைவு நோய், தொழுநோயிலிருந்து குணமாகியும் பாதிப்பு மிஞ்சியவர்கள், முதுகுத் தண்டுவடம் அடிபட்டவர்கள், பார்கின்சன், தண்டுவட மரப்பு (மல்டிபிள் ஸ்கிளரோசிஸ்) போன்ற நாள்பட்ட நரம்பு நோய் உள்ளவர்கள் என்றால் 40 சதவீதமே போதும். குழந்தைகளுக்கும் உண்டு.

இன்னொன்று வருவாய்த்துறை. முதியோர் பென்ஷன், விதவை பென்ஷன் எல்லாம் போடும் அதே சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவுதான். இங்கே மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் மாதம் 1500 ரூபாய். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 40 சதவீதக் குறைபாடு வேண்டும், வசதியில்லாத குடும்பமாக இருக்க வேண்டும். இதற்குள்ளேயே மத்திய அரசின் இந்திரா காந்தி பெயரிலான திட்டமும் அடங்கும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள 80 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களை அதில் சேர்ப்பார்கள். அதில் மத்திய அரசின் பங்கு 300 ரூபாய்தான், மீதியை மாநிலம் போட்டு நிரப்புகிறது. எந்தத் திட்டத்தில் வைப்பது என்பது அவர்கள் கணக்கு, உங்கள் கைக்கு வரும் தொகை ஒன்றுதான்.

இரண்டு கதவிலும் சேர்த்து வாங்க முடியாது. ஒருவருக்கு ஒன்றுதான். அதனால் 2000 ரூபாய்க்குத் தகுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் 1500 பக்கம் போங்கள். ஊரில் நடப்பது இதற்கு நேர்மாறு. தாலுகா ஆபீஸ் பழகிய இடம் என்பதால் அங்கேதான் முதலில் போகிறார்கள். மனவளர்ச்சி குன்றிய மகனை வைத்துக்கொண்டு, அவனுக்கு 18 ஆகட்டும் என்று காத்திருந்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். பிள்ளை சின்ன வயதாக இருக்கும்போதே 2000 ரூபாய்க்குத் தகுதி இருந்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை.

இன்னொரு விஷயம் பெரியவர்களுக்கு. முதியோர் ஓய்வூதியமும் விதவை ஓய்வூதியமும் 1200 ரூபாய். அதை வாங்குகிற பாட்டிக்கு 40 சதவீதச் சான்று கிடைக்கும் அளவுக்குக் குறைபாடு இருந்தால், மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மாதம் 300 ரூபாய் வித்தியாசம் டவுனில் இருப்பவர்களுக்குச் சின்னதாகத் தெரியும். மாத்திரை வாங்குகிற பாட்டியைக் கேட்டுப் பாருங்கள்.

எது குறைபாடு, எது இல்லை

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. முன்பு இருந்த ஏழு வகைப் பழைய பட்டியலைவிட இது பெரியது. மனநோய், ஆட்டிசம், குள்ளத்தன்மை, ஹீமோபிலியா, தலசீமியா, பார்கின்சன், அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் இதற்குள் வருகிறார்கள். மனநோய்க்குச் சான்று வாங்கலாம் என்பதே நம் பக்கத்தில் பலருக்குச் செய்தி. வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு, கோயில் கோயிலாக அழைத்துப் போகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் போவது, புற்றுநோய் ஆகியவை அந்த 21-இல் இல்லை. எவ்வளவு முடியாமல் இருந்தாலும் இந்த வழியில் கிடைக்காது. சர்க்கரையால் காலை எடுத்திருந்தால், காலை எடுத்ததற்குச் சான்று கிடைக்கும், சர்க்கரைக்குக் கிடைக்காது. வயல் சேற்றில் புண்ணாகி இரண்டு விரலை எடுத்தவர்கள் நம் ஊர்களில் நிறைய. இப்படி இரண்டு கால்விரல் மட்டும் போனதற்கு 40 சதவீதம் வராது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை.

ஒரு கண் முழுவதும் போய், மற்ற கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான். ஒரு காது சுத்தமாகக் கேட்காமல் மற்றது சரியாக இருந்தால் இன்னும் குறைவு. நல்ல காதின் கணக்கை ஐந்தால் பெருக்கி, கெட்ட காதின் கணக்கைக் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய 17 சதவீதம் வரும். டாக்டர் வேண்டுமென்றே குறைத்துப் போட்டுவிட்டார் என்று சண்டைக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் இந்த இரண்டு வகைதான். டாக்டர் கையில் அங்கே ஒன்றும் இல்லை. மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதல் அப்படி.

இரண்டு குறைபாடு உள்ளவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. காலில் 50, காதில் 30 என்றால் கூட்டி 80 என்று நாம் போடுவோம். அவர்கள் அப்படிப் போடமாட்டார்கள். 90-இலிருந்து பெரிய எண்ணைக் கழிப்பார்கள், மிச்சம் 40. அதைச் சின்ன எண்ணால் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 13.3. அதைப் பெரிய எண்ணுடன் கூட்டினால் 63.3. இதுதான் மொத்தச் சதவீதம். 75-ஐத் தொடுமா என்று வீட்டிலேயே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளின் அறிவுசார் குறைபாட்டுக்கு வேறு அளவு. உளவியல் நிபுணர் சோதனை செய்து லேசானது, மிதமானது, தீவிரமானது, மிகத் தீவிரமானது என்று பிரிப்பார். லேசானது என்றாலே 50 சதவீதம். மிதமானது 75, அடுத்தது 90, கடைசி 100. ஆக லேசான பாதிப்பு உள்ள பிள்ளைக்கே 2000 ரூபாய்க்கான 40 சதவீத வரம்பு தாண்டிவிடுகிறது. 'எங்க புள்ளைக்கு அவ்வளவு ஒண்ணும் இல்லைங்க' என்று சொல்லி விட்டுவிடாதீர்கள்.

சான்று வாங்கப் போகும் நாள்

ஒவ்வொரு மாவட்டத்திலும் மருத்துவக் குழு உட்காரும் கிழமை வேறு வேறு. ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, மனநலம் ஆகியவற்றுக்கு முகாமிலேயே டாக்டர்கள் வருவார்கள். நரம்பு சம்பந்தப்பட்டதென்றால் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டியிருக்கும். தஞ்சாவூர், திருவாரூர் இரண்டும் பழகிய இடங்கள். நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு 2022 முதல் ஒரத்தூரில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மயிலாடுதுறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் மாவட்டம் 2020 டிசம்பரில்தான் பிரிந்தது. பழைய அடையாளப் புத்தகத்தில் நாகப்பட்டினம் என்று இருக்கும். அதற்காக நாகைக்குப் போக வேண்டாம், மயிலாடுதுறை அலுவலகத்தில்தான் உங்கள் வேலை.

எடுத்துக்கொண்டு போக வேண்டியவை: ஆதார், குடும்ப அட்டை, பாஸ்போர்ட் அளவு போட்டோ நாலைந்து, எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். இவை யாரும் மறப்பதில்லை. மறப்பது வைத்தியம் பார்த்த காகிதங்களைத்தான். ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, எம்ஆர்ஐ படமும் அதன் ரிப்போர்ட்டும், காதுக்கு ஆடியோகிராம், இப்போது சாப்பிடும் மருந்துச் சீட்டு. எல்லாம் வேண்டும்.

இனி நாங்கள் செய்த தப்பு.

சித்தப்பாவை வாடகைக் காரில் கிடத்திக் கூட்டிக்கொண்டு போனோம். வரிசையில் இரண்டு மணி நேரம். சித்தி பொட்டலம் கட்டி வந்த தயிர்சாதம் அப்படியே இருந்தது. எங்கள் முறை வந்ததும் டாக்டர், "நடக்க முடியுமா ஐயா?" என்று கேட்டார். சித்தப்பாவுக்கு என்ன தோன்றியதோ, நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்து எழுந்து நின்றார். முழங்கால் நடுங்கிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நாலு எட்டு வைத்தார். "நடப்பேன் சார்" என்றார். நாற்பது வருடம் மரமேறிய ஆள், பத்துப் பேர் பார்க்கும்போது முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டார். அந்த நாலு எட்டுக்குப் பிறகு இரண்டு நாள் அவரால் புரண்டு படுக்க முடியவில்லை என்பது டாக்டருக்கு எப்படித் தெரியும்? சிறுநீருக்கு டியூப் போட்டிருப்பதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வேட்டிக்குள் மறைத்து வைத்திருந்தார்.

வந்த சான்றில் 65 சதவீதம், நிரந்தரம் என்று இருந்தது. வகை என்ற இடத்தில் 'கை கால் இயக்கக் குறைபாடு'. நோய் கண்டறிதல் என்று ஒரு வரி இருக்கிறது பாருங்கள், அதில் 'இரு கால்களும் பலவீனம்' என்று மட்டும் இருந்தது. 2000 ரூபாய்க்கு எழுதிப் போட்டோம். 75 இல்லை என்று திரும்பி வந்தது. அவர்கள் சொன்னது சரிதான். கால் பலவீனம் என்ற வகையில் 75 வேண்டும். ஆனால் தண்டுவடம் அடிபட்டவருக்கு 40 போதும். அவர் அடிபட்டது தண்டுவடத்தில்தான். அந்த ஒரு சொல் காகிதத்தில் இல்லை.

பிறகு எம்ஆர்ஐ ரிப்போர்ட்டையும் ஆபரேஷன் குறிப்பையும் எடுத்துக்கொண்டு மறுபடி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். இந்தத் தடவை என்ன நடந்தது, எப்போது நடந்தது, தினமும் என்னென்ன முடியவில்லை என்று ஒரு பக்கத்துக்கு எழுதி நான் கையில் வைத்திருந்தேன். டாக்டர் படித்தார், டியூபைப் பார்த்தார், தண்டுவடக் காயத்தைப் பெயரோடு எழுதினார். சதவீதமும் ஏறியது. ஆனால் சதவீதம் ஏறாமல் இருந்திருந்தாலும் பணம் கிடைத்திருக்கும்.

ஆகவே டாக்டர் முன்னால் உட்காரும்போது வீராப்பு வேண்டாம். பொய்யும் வேண்டாம், இல்லாததைச் சொன்னால் சோதனையிலேயே தெரிந்துவிடும். சாதாரண நாளில் எப்படி இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். குளிக்க, கழிப்பறை போக, வேட்டி கட்ட, சாப்பிட யாருடைய உதவி வேண்டியிருக்கிறது என்று கூட இருப்பவர் சொல்லட்டும். பெண்களுக்கு இது இன்னும் கஷ்டம். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது பல விஷயங்களை வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். அம்மாவோ அக்காவோ கூடப் போவது நல்லது. அப்புறம், சான்று கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். பெயரின் எழுத்து ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா, நிரந்தரமா தற்காலிகமா, நோயின் பெயர் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்த்துத் திரும்பப் போவது இன்னொரு கார் வாடகை.

பக்கவாதம் வந்தவர்களை உடனே அழைத்துப் போக வேண்டாம். வந்து ஆறு மாதமாவது ஆன பிறகுதான் மதிப்பிடுவார்கள், அதற்குள் கொஞ்சம் தேறலாம் என்பதால். சின்னப் பிள்ளைகளுக்குத் தற்காலிகச் சான்று தருவார்கள். அறிவுசார் குறைபாட்டுக்கு ஐந்து, பத்து, பதினெட்டு வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். பதினெட்டில் தருவது ஆயுளுக்கும் செல்லும்.

சதவீதம் அநியாயம் என்று உண்மையிலேயே தோன்றினால் மேல்முறையீடு செய்ய சட்டத்தின் 59-ஆம் பிரிவு இடம் தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள்.

அட்டை

சான்றுக்குப் பிறகு இரண்டு அடையாளம் வரும். ஒன்று நம் மாநிலத்தின் அடையாளப் புத்தகம். இன்னொன்று மத்திய அரசின் தனித்துவ அடையாள அட்டை. 'யுடிஐடி கார்டு' என்றால்தான் ஆபீஸில் புரியும். இதை ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் நீங்களே பதியலாம், அல்லது நல அலுவலகத்தில் பதிந்து தருவார்கள். கட்டணம் கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம். 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம் என்று அட்டையில் நிறக்கோடு இருக்கும். நாடு முழுவதும் செல்லும்.

உதவித்தொகை வருவதற்குள்ளேயே இந்த அடையாளம் ஒரு வேலை செய்யும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வருபவருக்கும் டிக்கெட் இல்லை. இனிமேல் ஆபீஸுக்கு அலைவதில் அந்தச் செலவாவது மிச்சம்.

2000 ரூபாய்க் கதவு

இது சுருக்கமானது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பப் படிவம், கூடவே மருத்துவச் சான்று, அடையாள அட்டை, ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தக நகல். வேறு எந்த ஓய்வூதியமும் வாங்கவில்லை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று கேட்பார்கள், அதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படுத்த படுக்கையாகக் கிடந்து, எல்லாவற்றுக்கும் இன்னொருவர் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு, பார்த்துக்கொள்பவருக்கென்று மாதம் 1000 ரூபாய் தனியாக ஒரு திட்டம் இருக்கிறது. அதையும் அதே மேசையில் கேளுங்கள். கேட்காமல் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

1500 ரூபாய்க் கதவு

இங்கே இ-சேவை மையத்தில் தொடங்க வேண்டும். முதலில் உங்கள் பெயரில் 'கேன்' எண் (இ-சேவையில் ஒவ்வொருவருக்கும் தரும் பதிவு எண்) இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று எதற்காவது முன்பு விண்ணப்பித்திருந்தால் இருக்கும். இல்லையென்றால் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம், ஆதாரில் இணைத்த செல்போன் கையில் இருக்க வேண்டும், ஓடிபி வரும். போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்து நிற்பவர்களை நான் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. வருமானச் சான்று முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

விண்ணப்பம் ஏறியதும் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், அப்புறம் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று போகும். விஏஓ வீட்டுக்கு வந்து விசாரிப்பார், அல்லது தலையாரியை அனுப்புவார். யார் வீட்டில் இருக்கிறார்கள், மகன்கள் என்ன செய்கிறார்கள், நிலம் எவ்வளவு என்று கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். இங்கே டெல்டாவுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: தாத்தா பெயரில் இருக்கும் பட்டா. கூட்டுப் பட்டாவில் நாலு அண்ணன் தம்பி பெயர் இருக்கும், மாற்றுத்திறனாளி அனுபவிப்பது ஒரு மா நிலமாக (ஏறக்குறைய மூன்றில் ஒரு ஏக்கர்) இருக்கும், அதுவும் குத்தகைக்கு விட்டிருக்கும். கணினியில் முழு நிலமும் அவர் பெயரில் இருப்பதுபோல் தெரியும். பாகப்பிரிவினை நடந்திருந்தால் அதன் நகலை விஏஓவிடம் முதல் நாளே காட்டிவிடுங்கள்.

எப்போது விண்ணப்பிப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் விஏஓ அலுவலகம் சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் (சாகுபடிச் சான்று) வாங்கும் கூட்டத்தால் நிரம்பி வழியும். தை, மாசியில் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்கான சான்றுகளுக்கு அதே கூட்டம். மழை வெள்ளம் வந்துவிட்டால் பயிர்ச் சேதக் கணக்கெடுப்பில் ஆளையே பிடிக்க முடியாது. அந்த நாட்களில் உங்கள் விண்ணப்பம் நகராது, அவர்மேல் குற்றமும் இல்லை. சித்திரை, வைகாசி, ஆனி நல்ல காலம். வைகாசி வாக்கில் தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி, அதாவது வருடாந்திர வருவாய்க் கணக்குச் சரிபார்ப்பு, நடக்கும். மேலதிகாரி முன்னிலையில் மனு கொடுக்கலாம், நிலுவையில் இருப்பதை அங்கே கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். சித்தப்பாவின் விஷயத்தில் இல்லை, தெருவில் இன்னொருவருக்கு எட்டு மாதம் கிடந்தது ஜமாபந்தி மனுவுக்குப் பிறகு மூன்றே வாரத்தில் முடிந்ததைப் பார்த்தேன்.

நிராகரித்துவிட்டால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 'வராதுன்னு சொல்லிட்டாங்க' என்பது காரணம் இல்லை. இ-சேவை ஒப்புகைச் சீட்டின் எண்ணை வைத்து இணையத்தில் நிலையைப் பார்க்கலாம், காரணம் அதில் ஒரு வரியில் இருக்கும். ஆவணம் போதவில்லை என்றால் சேர்த்துத் திரும்ப விண்ணப்பியுங்கள், சண்டை வேண்டாம். தகுதியில்லை என்று தவறாகச் சொல்லியிருந்தால் கோட்டாட்சியருக்கு மனு, பிறகு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் பதியலாம். எங்கே கொடுத்தாலும் முந்தைய மனுவின் எண்ணை அடுத்ததில் குறிப்பிடுங்கள். அப்படிச் சங்கிலியாக இருந்தால்தான் கோப்பு நகரும்.

இடைத்தரகர் விஷயம். 'மூணாயிரம் கொடு, முடிச்சுத் தர்றேன்' என்பவர் ஒவ்வொரு தாலுகா ஆபீஸ் டீக்கடையிலும் இருக்கிறார். அவர் செய்வது நீங்கள் செய்யக்கூடிய அதே இ-சேவை பதிவுதான். தகுதி இருந்தால் அவரில்லாமலும் வரும். இல்லையென்றால் அவராலும் வராது, பணம் மட்டும் போகும்.

பணம் வரத் தொடங்கிய பிறகு

வங்கிக் கணக்கு மாற்றுத்திறனாளி பெயரில் இருக்க வேண்டும், ஆதார் இணைந்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளை, அறிவுசார் குறைபாடு உள்ளவர் என்றால் அம்மா அல்லது அப்பாவுடன் கூட்டுக் கணக்கு. பிள்ளைக்கு 18 தாண்டியதும் வங்கியில் 'இனி நீங்கள் கையெழுத்துப் போட முடியாது' என்று சொன்னால் பயப்பட வேண்டாம். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்க ஆட்சியர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது. நல அலுவலகத்தில் படிவம் கிடைக்கும். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே இதை முடித்து வைத்துவிடுங்கள். அவர்களுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது என்று அண்ணன் தம்பிகள் பேசத் தொடங்கும் நாளில் அந்தக் காகிதம் இல்லாமல் போனால், பணம் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

தொழுநோயால் விரல் மழுங்கியவர்களுக்குக் கைரேகை விழாது. 'கைரேகை விழலே, பணம் இல்லே' என்று வீட்டுக்கு வரும் வங்கி முகவர் சொன்னால் ஏற்காதீர்கள். ஆதாரில் கருவிழிப் பதிவு இருக்கிறது, கிளைக்கே போய் எடுக்கவும் செய்யலாம்.

சேர்ந்துகொண்டே இருக்கட்டும் என்று பணத்தை எடுக்காமல் விடுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வருடம் நீங்களாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் கணக்கு முடங்கவும் கூடும். அவ்வப்போது ஐந்நூறாவது எடுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதற்கான வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சத்தமில்லாமல் நின்றுவிடும், கடிதமெல்லாம் வராது. தற்காலிகச் சான்று வைத்திருப்பவர்கள் அது முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே மருத்துவக் குழுவுக்குப் போக வேண்டும்.

சித்தி எல்லாவற்றையும் ஒரு பழைய ஆர்லிக்ஸ் டப்பாவில் சுருட்டி வைத்திருக்கிறார். கஜாவில் ஓடு பறந்து, டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, வீட்டுப் பத்திரமே கூழாகிப் போனதற்குப் பிறகு வந்த பழக்கம். மூடியின் உள்பக்கம் என் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: சான்று எண், அட்டை எண், வங்கிக் கணக்கு, வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டிய மாதம். உங்கள் வீட்டில் என்ன டப்பா இருக்கிறதோ, இன்றைக்கே எடுத்து ஒட்டிவிடுங்கள்.